டியூமர் என்ற சொல்

ஹிதாயாவின் முதுகில், வலது தோளுக்குக் கீழே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி எழும்பியிருந்தது. கலகெதரயில் துணிக்கடை வைத்திருந்த அவளுடைய கணவர் முஹ்ஸின், அதைக் காட்ட அவளைக் கண்டிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். 1934 ஆம் ஆண்டு அது.

வெள்ளைக்கார டொக்டர் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "டியூமர்" என்றார். அதற்குப் பிறகு அவர் இங்கிலீஷில் சொன்ன எதுவும் முஹ்ஸினின் காதில் ஏறவில்லை. அவருடைய நானா, மூத்த அண்ணன், வயிற்று நோயில் கிடந்து மவுத்தானபோதும் டொக்டர்மார் இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

"என்னவாம்?" என்று ஹிதாயா கேட்டாள்.

"சும்மா கட்டிதான். பத்துப் போட்டாச் சரியாம்."

அடுத்த வாரமே அவர் மகள் றமீஸாவுக்கு வத்தேகமயில் மாப்பிள்ளை பேசிவிட்டார். அவளுக்கு இன்னும் பதினைந்து முடியவில்லை. இரண்டு வருஷம் போகட்டும் என்று சொல்லிவந்தவர் அவர்தான்.

"இப்ப என்ன அவசரம்?" என்று ஹிதாயா விடாமல் கேட்டாள்.

முஹ்ஸின் கண்கலங்கிவிட்டார். "அது டியூமராம். நீ உசிரோட இருக்கக்கொள்ளயே முடிச்சிருவோம்."

தான் மவுத்தாகப்போவதாக அவர் நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு கோபம்தான் வந்தது.

"என்ட உடம்புல வந்தத எனக்குச் செல்லாம, மகள்ட கலியாணத்தப் பேசுறீங்களா? நான் கேக்கோணும். பொம்புள டொக்டர் ஒருத்தர் கண்டில ஈக்கிறாங்களாம். கூட்டிப்போங்க."

டொக்டர் இரத்தினம்மா யாழ்ப்பாணத்தவர். ஹிதாயா உட்காருமுன்பே கேட்டாள்: "டியூமர் எண்டா மவுத்தா?"

"இல்லை. உடம்பில சதை தேவையில்லாமல் ஓரிடத்தில வளர்ந்தால், அதுக்கெல்லாம் அந்தப் பேர்தான். சிலது வளர்ந்த இடத்திலேயே கிடக்கும், ஆளைக் கொல்லாது. சிலது மற்ற இடங்களுக்கும் பரவும். அதைத்தான் புற்று எண்டு சொல்லுறது."

"என்ட எது?"

டொக்டர் விரலால் தள்ளிப் பார்த்தார். கட்டி தோலுக்கடியில் வழுக்கி நகர்ந்தது. "கொழுப்புக் கட்டி போலத்தான் இருக்கு. வெட்டி எடுத்து, கொழும்பில பெரிதாக்கிப் பார்க்கிற கண்ணாடியில வைச்சுப் பார்த்தால்தான் நிச்சயமாய்ச் சொல்லலாம். பயமோ?"

"பயம்தான். வெட்டுங்க."



கட்டியை வெட்டி எடுத்தார்கள். கொழும்பிலிருந்து பதில் வரும்வரை ஹிதாயா தொழுகைப் பாயை விட்டு எழுந்தால் சமையல், சமையல் முடிந்தால் தொழுகைப் பாய் என்று இருந்தாள். முஹ்ஸின் கடையில் துணியைத் தப்பாக அளந்து வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்கினார். கடைசியில் பதில் வந்தது. வெறும் கொழுப்பு, புற்று இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முஹ்ஸின் கதிரையில் உட்கார்ந்தார்.

"இனி வத்தேகமைக்குப் போய், ரெண்டு வருஷம் பொறுக்கச் செல்லுங்க. பேசினது நீங்கதானே" என்றாள் ஹிதாயா.

அவர் போனார். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பொறுக்க முடியாது, வேறு பெண் பார்த்துக்கொள்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொல்லும்போது, றமீஸா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பேசிய நாள் முதல் சோற்றைச் சரியாகத் தொடாதவள், அன்று பகல் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.