ரத்தத்தில் தெரிந்த கரு

காளியப்பன் எதையும் அரைக்காதில்தான் வாங்குவான். மீதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்வான். மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவனோடு பால் மரம் வெட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்திவந்த டிரசர் மூர்த்திக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தால், போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடியே அந்த ஒற்றை வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்.

காளியப்பன் மூச்சிரைக்க லயத்து வீட்டுக்கு ஓடிவந்தான். உள்ளே அவன் மனைவி செல்லம் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தாள். முந்தின நாள்தான் அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்திருந்தார்கள்.

"ஒன் ரத்தத்துல கரு தெரியுதாம். டிரசரய்யா பூதக்கண்ணாடியில பாத்துட்டாரு. பாரமான வேல கூடாதாம், செல்லம்."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். முதல் நான்கைந்து வருஷம் மாதம் தவறாமல் அழுதாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். இப்போது சேதி வந்தபோது அவளுக்குள் எதுவும் அசையவில்லை. பல மாதங்களாகவே உடம்பு அவளுடையதாக இல்லை. விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன, கன்னத்தைக் கிள்ளினால் யாரையோ கிள்ளுவது போலிருந்தது. "அப்படியா" என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று மாதமாகத் தலைக்குக் குளிக்கவில்லை. வயிறும் உப்பியிருந்தது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறது, சந்தேகமே வேண்டாம் என்றாள். காளியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜமால் கடைக்குப் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கிவந்து லயம் முழுக்கக் கொடுத்தான்.

வெள்ளையம்மா இன்னொன்றும் சொன்னாள். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை கருவைக் கலைத்துவிடும், வாயில் போட்டுக்கொள், முழுங்காதே என்றாள்.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கொய்னா கொடுப்பார்கள். எதிரிலேயே முழுங்க வேண்டும். செல்லம் மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, பால்காட்டுக்குள் போனதும் துப்பினாள். கசப்பில் நாக்கு மட்டும் விழித்துக்கொண்டது. சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. வரும், மெதுவாக வரும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பத்தொன்பது நாள் ஒருநாள்கூடத் தவறாமல் துப்பினாள். அவ்வளவு பிடிவாதம் அவளிடம் எங்கே மிச்சம் இருந்ததோ.

இருபதாம் நாள் மரத்தடியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூர்த்தி மறுபடி விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, சாயமேற்றிப் பார்த்தார். கோபமாகத்தான் எழுந்து வந்தார். கொய்னா சாப்பிடுகிறாயா இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். ஏன் என்றார்.

"கரு கலஞ்சிரும்னுதான்."

"எந்தக் கரு?"

"நீங்கதானே ரத்தத்துல பாத்ததாச் சொன்னீங்க?" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

மனுஷன் நல்லவர்தான். தமிழின் மேல் தீராத ஆசை. மற்ற டிரசர்கள் நியூக்ளியஸ் என்று சொல்லிவிட்டுப் போவதை இவர் கரு என்பார். ஆசை இருக்கட்டும், சிவப்பணு என்றால் இன்னதென்று தெரியாதவனிடம், சிவப்பணுவில் கரு தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்? தெரிந்ததைத்தான் பிடித்துக்கொள்வான்.

அவள் வயிற்றின் இடப்பக்கம் அழுத்திப் பார்த்து, இது மண்ணீரல், காய்ச்சலில் வீங்கியிருக்கிறது என்றார். ரத்தம் செத்துப்போனதால் தீட்டும் நின்றுவிட்டது என்றார். பிள்ளை இல்லை என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்குக் காட்டுங்க" என்றாள் செல்லம்.

அவளைத் தாங்கிப் பிடித்து நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தார். வெளிறிய வட்டங்கள் சிதறிக் கிடந்தன. சிலவற்றுக்குள் சின்ன மோதிரம் போல ஏதோ இருந்தது. அதுதான் காய்ச்சல் கிருமி, அணுவுக்குள்ளேயே இருந்துகொண்டு அதைத் தின்கிறது என்றார். நடுவில் ஒரே ஒரு வட்டத்துக்குள் கரிய பொட்டு ஒன்று.

"அதான் கரு. எலும்புக்குள்ள பொறக்கிறப்ப எல்லாச் சிவப்பணுவுலயும் அது இருக்கும். அணு எப்படி வளரணும், என்ன செய்யணும்கிறதெல்லாம் அதுலதான் இருக்கு. முத்தினதும் அணு அதை வெளிய தள்ளிட்டு ரத்தத்துல எறங்கும். அப்பதான் காத்தச் சுமக்க எடம் நெறையக் கிடைக்கும். ஒன் ஒடம்புல சுமக்க ஆள் பத்தல. அதான் பிஞ்சையும் அனுப்புது."

"இது என்னோடதுதானே?"

"ஒன்னோடதுதான்."

வெகுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"கொய்னா தின்னா இது போயிருமா?"

மூர்த்தி மாத்திரைப் புட்டியைத் திறந்தார். "போகணும்மா. கிருமி செத்து ரத்தம் ஊறுனா இது வெளிய வராது. அப்பதான் நீ பொழைப்ப."

அவர் நீட்டிய இரண்டு மாத்திரைகளையும் வாங்கி, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். பிழைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கொடுத்தார், விழுங்கினாள்.

பாலை நிறுத்துப் போட்டுவிட்டுக் காளியப்பன் ஓடிவரும்போது உச்சிப்பொழுது. கையெல்லாம் பால்வாடை. தான் விட்ட பிழையைத் தானே சொல்லிவிட வேண்டும் என்று மூர்த்தி எழுந்தார். கட்டிலில் கிடந்த செல்லம், வேண்டாம் என்று அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"கலஞ்சிருச்சு" என்றாள் புருஷனிடம்.

மூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பினார். காளியப்பன் தரையில் குந்தி, முண்டாசை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைச் செல்லம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஒன்றுமே இருந்ததில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

முண்டாசை முகத்திலிருந்து எடுத்து, தரையைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

"என்ன புள்ளன்னு தெரிஞ்சுதா?"

"பொண்ணு" என்றாள் செல்லம்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு வலித்தது.