பால் காய்ச்சிய பிறகு

செபஸ்தியன் மறுபடியும் வந்து அதே சுவரைத் தட்டிப் பார்த்தான். கொட்டாஞ்சேனை வீட்டுக்கும் அவனுடைய ஹார்ட்வெயார் கடைக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு சுவர்தான். வீட்டை வாங்கி அதை உடைத்தால் சாமான் வைக்க இடம் கிடைக்கும். அது அவனுக்கும் தெரியும், வீட்டை விற்க நிற்கும் நிஷாந்தினிக்கும் தெரியும்.

"சுவர் ஈரம் இழுக்குது அக்கா."

"போன தரம் இழுக்கேல்லையே."

"போன தரம் மழை இல்லையே."

லோகேஸ்வரன் சிரித்தான். கணவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கியாகிவிட்டது. இந்த வீடு விலைபோகும்வரை சமாளிக்க வங்கி ஒரு குறுகிய காலக் கடன் தந்தது. மாதாமாதம் வட்டி மட்டும். வீடு விற்றதும் முதலை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். விற்காவிட்டாலும் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்திட்ட அன்று இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொட்டாஞ்சேனையில் வீடு விற்காமல் கிடக்குமா என்றான் லோகேஸ்வரன். கெடு இந்த மாதக் கடைசி. நீட்ட முடியாது என்று வங்கியில் காலையில்தான் சொன்னார்கள். மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

ஃபிளாட்டில் பால் காய்ச்ச வீட்டு ஆட்கள் மட்டும் போதும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாலு சனம் வந்து சாப்பிடாமல் என்ன குடிபூரல் என்று லோகேஸ்வரன் வாடகைக்கு வான் பிடித்து ஒழுங்கைச் சனம் முழுவதையும் கூட்டிவந்தான். செபஸ்தியன் இரண்டு தரம் பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பல்கனியில் நின்று கடலைப் பார்த்தபடி, காசுக்கு என்ன செய்தீர்கள் என்று விசாரித்தான். லோகேஸ்வரன் கெடு உட்பட எல்லாவற்றையும் சொன்னான். அதன் பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் முதலில் செபஸ்தியனின் கடையில் கதைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் அடிமாட்டு விலை கேட்டார்கள்.

"முப்பது லட்சம் குறைச்சுத் தாங்க. சல்லி ரெடி," என்றான் செபஸ்தியன்.

"முப்பதா?"

"அக்கா, நீங்க அங்க பால் காய்ச்சியாச்சு. இதைப் பூட்டி வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"இஞ்சயே இருக்கப் போறம். ஃபிளாட்டை விக்கிறம்."

சொல்லும்வரை அவளுக்கே அது தெரியாது. லோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான்.

"பால் காய்ச்சின வீட்டையா? உங்கட சனம் என்ன கதைக்கும்?" என்றான் செபஸ்தியன்.

"கதைக்கட்டும். அங்க பாதிப் பெட்டி இன்னும் அவிழ்க்கேல்ல. ஞாயிறு திரும்பி வாறம்."

செபஸ்தியன் சுவரிலிருந்து கையை எடுத்தான். வெளியே அவனுடைய கடைக்கு வந்த லொறி ஹோர்ன் அடித்தது. சாமான் இறக்க இடமில்லாமல் பாதையை அடைத்து நின்றது. பின்னால் வந்தவர்கள் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, பத்துக் கூட்டுறன்."

அவன் பிடரியைத் தடவினான். மறுபடியும் லொறிப் பக்கம் எட்டிப் பார்த்தான். இன்னும் கூட்டுவான். கொஞ்ச நேரம் ஒருவரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"சரி தம்பி," என்று லோகேஸ்வரன் கையை நீட்டினான். "நமக்குள்ள என்ன பேரம்."

செபஸ்தியன் அந்தக் கையை உடனே பிடித்துக்கொண்டான்.

"பாத்தீங்களா அக்கா, அண்ணையோட கதைச்சா வேலை லேசு."

லோகேஸ்வரன் பெருமூச்சு விட்டான். மாதக்கணக்கில் அவன் முகத்தில் காணாத தெளிச்சி அது. அதைப் பார்த்துக்கொண்டு ஏசவும் அவளால் முடியவில்லை. செபஸ்தியன் அதற்குள் ஃபோனை எடுத்து, எந்தப் பக்கத்திலிருந்து உடைக்கத் தொடங்குவது என்று மேசன் பாஸிடம் சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தான்.