பின்னால் உட்காரப் போகிறவர்

பிரதாப் லீவரைக் காலால் மிதித்தான். பின்சக்கரத்து டயர் ரிம்மிலிருந்து பாதி கழன்று, மறுபடி உள்ளே ஓடிக்கொண்டது.

"விடாதடி. அழுத்திப் பிடி."

தனுஜா இன்னொரு லீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். லயத்து வரிசை வீட்டு வாசலில் கட்டிய தறப்பாள் கூரையிலிருந்து மழை ஒழுகியது. பத்தடி தள்ளி, வீட்டின் ஒற்றை அறையான காம்பராவுக்குள் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் மூச்சு நின்றுபோன அம்மா.

மாமாவுக்குக் கேதம் சொல்லியாக வேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவரும் கோடிச் சேலையைப் போர்த்தாமல் ஒரு பெண்பிள்ளையைத் தூக்கும் வழக்கம் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. அம்மாவின் அண்ணன் மாயாண்டி இருப்பது நல்லதண்ணிக்கும் மேலே, இன்னொரு தோட்டத்தின் கடைசி டிவிஷனில். ஆபீஸிலிருந்து போன் போட்டுப் பார்த்தார்கள். லைன் இல்லை. மண் சரிந்து பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. பிரதாப் வேலை பார்க்கும் நோட்டன் பிரிட்ஜ் கராஜ் முதலாளி, விஷயம் கேட்டதும் தன்னுடைய பெரிய பைக்கைக் கொடுத்துவிட்டார். ரோட்டு டயரோடு நின்ற வண்டி. சேற்றுக்கான பட்டன் டயர் இரண்டையும் பிரதாப் முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். முன்சக்கரத்துக்கு ஒன்றை மாட்டியாகிவிட்டது.

பின்டயரைப் பாதி கழற்றிய நிலையில் அவன் நிறுத்தினான்.

"என்னாண்ணே?"

"யோசிக்கிறேன்." பட்டன் டயரின் கட்டைகளை விரலால் தடவினான். "இதப் போட்டா சேத்துல ஏறிரும். ஆனா நனைஞ்ச தார்ல நிக்காது. இந்தக் கட்டைங்க மட்டுந்தான் ரோட்டுல படும், மிச்சமெல்லாம் காத்துல நிக்கும். நான் தனியா வந்தா மெதுவா எறங்கிருவேன். பின்னால ஒரு ஆளு ஒக்காந்தா, வளைவுல வண்டி நம்ம பேச்சக் கேக்காது."

"அப்ப ரோட்டு டயரே இருக்கட்டும்."

"சேத்துல நின்ன எடத்துலயே சுத்தும். தள்ளிக்கிட்டுத்தான் ஏறணும்."

"இன்னொரு டயரக் கட்டிக்கிட்டுப் போயி அங்க மாத்துனா?"

"நான் கேதம் சொல்லப் போறேனா, கராஜ் போடப் போறேனா?" சிரிக்கவில்லை. "மாமா வரமாட்டாருன்னா ரெண்டுமே பட்டன். வருவாருன்னா பின்னால ரோட்டு டயரு. நீ சொல்லு. வருவாரா?"

அப்பா அழகுமுத்து படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொள்ளிக்குடம் ஒடைக்கப் போற பையன ரோட்டுக்கு அனுப்புறது என்னா வழக்கம்? அவன் வரமாட்டான். எம் படிய மிதிக்க மாட்டேன்னு மாரியம்மன் முன்னால சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணவன்."

அது ஐந்தாறு வருஷத்துக்கு முந்திய வேலை நிறுத்தத்தில். அப்போது மாமாவும் இதே தோட்டத்தில்தான், சங்கத்துக்குத் தலைவர். ஒருத்தரும் வேலைக்கு இறங்காதிருந்த காலையில் அப்பா மட்டும் வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தார். தனுஜாவுக்கு அப்போது டைபாய்டு; மருந்துக்குக் காசில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மாமா கோபத்தில் தோட்டம் மாறிப் போனார்.

"நீ சொல்லு தங்கச்சி. நேரமாகுது."

அவளுக்கு எப்படித் தெரியும்? போன திருவிழாக் கூட்டத்தில் மாமா தூரத்திலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பியதும், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவ்வளவுதான்.

காம்பராவுக்குள் ஒப்பாரி ஓய்ந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்கும் என்பதுபோல் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வருவாரு."

பிரதாப் அவளை ஒருமுறை பார்த்தான். ரோட்டு டயரை மறுபடி ரிம்முக்குள் தள்ளினான்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் போயிட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது. அவனும் சொல்லவில்லை. வண்டி கொழுந்து மலையைச் சுற்றி மறைந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

மழை மதியத்தோடு விட்டது. தப்பு அடிக்கிறவர்கள் வந்து தீ மூட்டித் தப்பைக் காய்ச்சினார்கள். கண் மூடினால் தனுஜாவுக்குச் சேற்றில் சுற்றும் பின்சக்கரம் தெரிந்தது. பாரம் தாங்காமல் வண்டி பின்னுக்குச் சரிகிறது. கீழே பள்ளம். வரமாட்டார் என்று சொல்லியிருந்தால் பின்னாலும் பட்டன் டயர் இருந்திருக்கும்.

இப்போதைய சங்கத் தலைவர் வீரய்யா அப்பாவின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"வெட்டுன குழியில தண்ணி ஊறுது அழகு. எறைக்க எறைக்க ஊறுது. இருட்டுனா அந்தப் பாதையில பாடையத் தூக்க முடியாது."

"எடுத்துருவோம்" என்றார் அப்பா. "நானே கொள்ளிக்குடம் ஒடைக்கிறேன்."

"கோடி?"

"யார்கிட்டயாவது ஒரு சேலைய வாங்கிப் போத்துங்க. அவளுக்கு என்னா தெரியப் போகுது."

"அண்ணன் வரட்டும்ப்பா" என்றாள் தனுஜா.

"வர்றவன் இன்னேரம் வந்துருக்கணும் பாப்பா" என்றார் வீரய்யா.

தப்புக்காரர்களில் பிந்தி வந்த ஒருவன் தீயில் கை காட்டிக்கொண்டே சொன்னான். "மஸ்கெலியா ரோட்டு வளைவுல ஒரு பைக்கு கெடக்காம். பால் வேன்காரன் சொன்னான்."

"பெரிய பைக்கா?" தனுஜாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"அதெல்லாம் தெரியாதும்மா. ஆளக் காணோமாம்."

அப்பா எழுந்தார், நின்றார், மறுபடி படியில் உட்கார்ந்தார். வாயில் போடக் கசக்கிய வெற்றிலை கையிலேயே இருந்தது.

வீரய்யா மெதுவாகக் கேட்டார். "என்னா அழகு, தூக்கச் சொல்லவா?"

"செத்தப் பொறுங்க."

"குழியில..."

"எறைக்கச் சொல்லுங்க. பொறுங்கன்னா பொறுங்க."

பனி மூட்டம் தேயிலை ஸ்டோருக்கு மேல் இறங்கிய நேரத்தில் சத்தம் கேட்டது. முதலில் லொறி என்றுதான் நினைத்தாள். பிறகு அது வளைவில் குறைந்து, ஏறி, மறுபடி குறைந்தது.

வண்டி லயத்துக் கோடியில் வந்து நின்றது. பிரதாப்புக்குப் பின்னாலிருந்து மாமா இறங்கினார். வேட்டி முழங்காலுக்கு மேல்வரை சேறு. கக்கத்தில் பொலித்தீனில் சுற்றிய பொதி.

"வளைவுல கெடந்தது?" என்றார் வீரய்யா.

"அது எவனோ. ஆளுக்கு ஒன்னுமில்ல" என்றான் பிரதாப். தனுஜாவைப் பார்த்தான். "மேல ஏறுறப்ப வழியெல்லாம் விழுந்தேன். தார்ல விழல."

மாமா நடந்து வந்தார். கூட்டம் விலகியது. தறப்பாளைத் தாண்டி, படிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் பாதம் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொதியைப் பிடித்த கை இறுகியது. கால் எழவில்லை. சாமி முன்னால் அணைத்த சூடம்.

ஒப்பாரி வைத்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அப்பா படியின் ஓரத்தில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வாங்க மச்சான் என்று சாவு வீட்டில் சொல்வதில்லை.

அப்பா உள்பக்கம் திரும்பினார்.

"அவள வெளிய கொண்டாங்க."

"இன்னும் குளிப்பாட்டத் தண்ணியெடுக்க நீர்மாலைக்கே போகலயே" என்றாள் ஒருத்தி.

"கொண்டாங்கம்மா. இங்கன, தறப்பாளுக்குக் கீழ. அவரு நிக்கிற எடத்துக்கு."

பாயோடு தூக்கி வந்து படிக்கு வெளியே, மாமாவின் காலடியில் இறக்கினார்கள். அப்பா குனிந்து அம்மாவின் தலைப்பக்கம் பாயைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றார். மாமா மண்டி போட்டார். பொலித்தீனைப் பிரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அப்பா கை நீட்டி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். பச்சைச் சேலை. மாமா அதை விரித்து, தங்கையின் கழுத்துவரை இழுத்துவிட்டு, சேலையின் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டார்.

தப்பு முழங்கத் தொடங்கியது.

பிரதாப்பைக் குளிக்கக் கூப்பிட்டார்கள். தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவன் சட்டையைக் கழற்றித் தனுஜாவிடம் எறிந்தான். அவள் வாளித் தண்ணீரில் அமுக்கப் போனவள், என்னவோ தோன்றி அதை விரித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் சேறு தெறித்துக் காய்ந்து பிடித்திருந்தது. இடுப்புக்கு மேலே, இரண்டு பக்கமும், ஒரு கை பின்னாலிருந்து பிடிக்கிற அளவுக்கு மட்டும் துணி வெள்ளையாக இருந்தது.

வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் சட்டையை அப்படியே மடித்தாள்.