பானைக்கடியில் வைத்த பொட்டலம்

எங்கள் கால்வாயை ஆகாயத்தாமரை மூடியதிலிருந்து நைனாவின் படகு கரையிலேயே கிடந்தது. பழவேற்காடு ஏரிக்குப் போக எங்களுக்கு வேறு தடம் கிடையாது. சித்திரைக்குள் செடி விலகாவிட்டால் படகை விற்றுவிட்டுக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலிக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். வாங்குகிற ஆளும் ஒருமுறை வந்து படகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் இளமதி அக்கா இரண்டு பொட்டலங்கள் கொண்டுவந்தார். உள்ளே பூஞ்சாண வித்து. ஆகாயத்தாமரைக்கு மட்டும் நோய் கொடுக்குமாம். மேகம் போட்ட சாயங்காலத்தில் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும், அதுவரை குளிர்ச்சியாக வைத்திரு என்று என்னிடம் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒன்றை இறால் போடும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் மேல் வைத்தேன். அதில் இடம் போதவில்லை. மற்றதை ஒரு டப்பாவில் போட்டு மூடி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்தேன்.

மேகம் போட்ட அன்று பெட்டியைத் திறந்தால் ஐஸ் தண்ணீர்தான் இருந்தது.

"அம்மா, இதுல இருந்த பொட்டலம்?"

"அதுவா? பூசண நாத்தம் அடிச்சுது. நெத்திலியோட தகரத்து மேல காய வெச்சிக்கிறேன். காஞ்ச பொருள் கெடாதுடி."

நைனா படுத்தபடியே சிரித்தார். "பூசணத்தையே கருவாடு போட்டுட்டா கோவிந்தம்மா!"

"யோவ், சும்மா கெட. உன் பொண்ணு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாளா? எனக்கு இன்னா தெரியும்?"

இளமதி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"தகரத்து மேலயா? மாசி வெயிலாச்சே பானு! அந்தச் சூட்டுல வித்து செத்திருக்கும். எதுக்கும் ரெண்டையும் தனித்தனியா அடிச்சுப் பாரு."

படகுப் பக்கம் நான் பானைப் பொட்டலத்தைத் தெளித்தேன். எதிர்க்கரையில் அம்மா தன்னுடையதைத் தெளித்தாள். "யாருது வேல செய்யுதுன்னு பாக்கலாம்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

சில வாரங்கள் போயும் அம்மாவின் கரை பச்சையாகவே இருந்தது. ஊதாப் பூக்கூட விட்டது. என் பக்கம் இலைகளில் துருப்பிடித்ததுபோல் புள்ளிகள் வந்தன. பிறகு நுனி கருகி, தண்டு அழுகத் தொடங்கியது. நைனா கழியால் தள்ளிப் பார்த்தார். எத்தனை முறை தள்ளினாலும் திரும்பி வந்து மூடும் செடி, இந்த முறை உடைந்து அமிழ்ந்தது. படகு நகர ஒரு சந்து தெரிந்தது. கால்வாய் முழுக்க இன்னும் பச்சைதான். ஆனாலும் அவர் கரையேறி, ஈரக் கையோடு போனை எடுத்தார்.

"அண்ணே, படகு விக்கிறதா இல்ல."

அம்மா எதிர்க்கரையைப் பார்க்காமல் என்னிடம் வந்தாள்.

"இளமதிகிட்ட இன்னொரு பொட்டலம் கேளு. பானைக்கடியில மணல நனச்சி வெச்சிக்கிறேன்."