டாக்டர் தனியாக முடிவெடுக்க மாட்டார்

போடிநாயக்கனூர் நகரப் பெருமக்களுக்கும், சிலமலை, ராசிங்காபுரம் முதலான சுற்றுவட்டாரத்தாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வரும் திங்கட்கிழமை முதல் இம்மருத்துவமனையில் மருத்துவர் தனியாக எந்த முடிவும் எடுக்க மாட்டார். நோயாளியும் மருத்துவரும் சரிசமமாக அமர்ந்து, சாதக பாதகங்களை அலசி, கூட்டாகவே முடிவெடுப்பார்கள்.

இந்த வாசகம் நாலடிக்கு மூன்றடிப் பலகையில், நீல எழுத்தில், டாக்டர் ராம்பிரசாத்தின் கிளினிக் வாசலில் தொங்கியது. மதுரையில் ஏ.சி. அரங்கில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்கில், இக்கட்டான நேரத்தில் டாக்டர்கள் முடிவெடுப்பது எப்படி என்று கற்றுத் திரும்பியிருந்தார் அவர். ஒரு சான்றிதழும் ஒரு தோள்பையும் எட்டுப் படிகள் கொண்ட ஓர் அட்டவணையும் உடன் வந்தன. அட்டவணை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போயிற்று. நர்ஸ் அமுதவள்ளி பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அப்ப இத்தன நாளும் நீங்களாத்தான் முடிவு பண்ணுனீங்களா சார்?" என்று கேட்டாள். கேட்ட முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இதுவரை அவருடைய முறை எளிமையானது. என்ன நோய் என்று தெரிந்தால் மாத்திரை. தெரியாவிட்டால் ஊசி. பயம் வந்தால் தேனி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்தது ஒரே ஒரு தடவைதான். மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சு கரிக்கிறது என்று வந்த ஒருவருக்கு வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் வீடு போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு தலைவலிக்காரர்கள்கூடத் தேனி பார்த்தார்கள். ஊர் அவருக்குத் 'தேனி டாக்டர்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரைக் கழுவத்தான் மதுரைக்கே போனார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, புதிய முறையின் முதல் பயனாளியாகக் கன்னையன் வந்து சேர்ந்தார். ஜீப்பு டிரைவர். ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவருபவர். விடியற்காலைக் குளிரிலும் சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது.

"வாயு சார். ராத்திரி புரோட்டா. ஒரு ஊசியப் போட்டு வெரசா அனுப்புங்க, லோடு வெளிய நிக்குது."

லோடு என்பது பதினாலு பெண்கள்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். இரண்டு இடத்தில் கோடு லேசாக எழும்பியது போலிருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தால் எழும்பியிருந்தது, கழற்றிப் பார்த்தால் இல்லை. எந்திரம் தன் பங்குக்குக் காகிதத்தின் அடியில் ஒரு வரி அச்சடித்துக் கொடுத்தது: தக்க மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்.

பழைய ராம்பிரசாத் என்றால் இந்நேரம் சீட்டு எழுதியிருப்பார். புதியவர் அட்டவணையைக் குனிந்து பார்த்தார். முதல் படி, நாற்காலிகளைச் சமமாகப் போடுதல். போட்டார். இரண்டாம் படி, புள்ளிவிவரத்தை எளிமையாக விளக்குதல். இப்படி வலியும் வேர்வையுமாக வருகிற நூறு பேரில் இருபது பேருக்கு அது இதயமாக இருக்கலாம் என்று விளக்கினார்.

"அந்த நூறுல நான் எத்தனாவது ஆளு சார்?" என்றார் கன்னையன்.

இதற்கு அட்டவணையில் படி இல்லை. டாக்டர் மூன்றாவதற்குத் தாவி, வாழ்க்கையில் உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டார். கன்னையன் கொஞ்சமும் யோசிக்காமல் ஜீப்பு என்றார்.

இதற்குள் வெளியே பலகையை யாரோ சத்தமாக வாசித்துவிட்டார்கள். கூட்டாக முடிவெடுக்கிற இடத்தில் கூட்டம் வெளியே நிற்பது முறையில்லை என்று பதினாலு பேரும் உள்ளே வந்தார்கள். தூக்குவாளிகள் மேஜை மேல் ஏறின. ஒருத்தி பெருங்காயம் என்றாள். இன்னொருத்தி, தன் கொழுந்தனுக்கும் இதே மாதிரி வலித்து ஒரு ஏப்பத்தில் போய்விட்டது என்றாள். போனது வலியா கொழுந்தனா என்று மூன்றாவது ஆள் கேட்க, அறை சிரித்தது. கன்னையனும் சிரித்தார். சிரித்துவிட்டு இடது தோளைத் தடவிக்கொண்டார்.

அந்தத் தடவலைப் பார்த்ததும் டாக்டருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அந்த மனிதரும் இப்படித்தான் தடவினார்.

"கன்னையண்ணே, தேனிக்குப் போயிருங்க."

"கூட்டா முடிவுன்னு எழுதிப் போட்டுட்டு ஒங்க முடிவச் சொல்றீங்களே சார். எம் முடிவு, மலைக்குப் போறேன். சாயங்காலம் வந்து ஒங்க முடிவையும் பாத்துக்கிருவோம்." கன்னையன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தன் பலகையே தன் கையைக் கட்டிப்போடும் என்று மதுரையில் யாரும் சொல்லித்தரவில்லை. கொண்டை ஊசி வளைவில் வேர்த்த ஒரு கையும் அதற்குப் பின்னால் பதினாலு தலைகளும் டாக்டரின் கண்ணுக்குள் வந்து போயின. அட்டவணையை மறந்தார்.

"சரிண்ணே. ஆனா இவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்." பெண்கள் பக்கம் திரும்பினார். "இவரு ஓட்டுற ஜீப்புல இப்ப நீங்க ஏறுவீங்களா?"

எல்லோருடைய பார்வையும் கங்காணி சுருளியம்மாளிடம் போனது. தோட்டத்தில் அவள் கைவைத்த பிறகுதான் மற்றவர்கள் காயில் கைவைப்பார்கள். அவள் கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டால் அன்றைய சோலி முடிந்தது என்று பொருள், முதலாளியே வந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சுருளியம்மாள் டாக்டரைப் பார்த்தாள். கன்னையனைப் பார்த்தாள். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒருவர் பின் ஒருவராகப் பதிமூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

கன்னையன் உட்கார்ந்தவர்களை எண்ணிப் பார்த்தார். "லோடு இல்லாம நான் மட்டும் மலைக்குப் போயி என்னத்துக்கு?" என்று சாவியை அமுதவள்ளி கையில் கொடுத்தார். அவள் மென்று விழுங்கச் சொல்லி ஆஸ்பிரின் கொடுத்தாள். ஆம்புலன்சுக்கு அவள் ஏற்கெனவே போன் செய்திருந்தாள், டாக்டர் இரண்டாம் படியில் இருக்கும்போதே.

தேனியில் பார்த்ததில் நெஞ்சில் அடைப்பு இருந்தது. நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார்கள். அஞ்சாம் நாள் கன்னையன் வீடு திரும்பினார்.

டாக்டர் ராம்பிரசாத் மதுரைக்குப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டால், எழுத்தறியாத உழைப்பாளிகளும் ஆழ்ந்த விவேகத்தோடு முடிவெடுப்பார்கள் என்பது அதன் சாரம். அனுப்புமுன், அந்தக் கணத்தில் மனதில் என்ன ஓடியது என்று சுருளியம்மாளின் வாய்மொழியாகவே ஒரு வரி சேர்க்க ஆசைப்பட்டு, அவளை வரச்சொல்லி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு அஞ்சு மணிலருந்து நின்னுக்கிட்டே இருந்தேன் சார்," என்றாள் சுருளியம்மாள். "முட்டி வலிச்சது, உக்காந்தேன்."