நீலக் கேட்டருகே மாறும் கியர்

ஜுனைதா பலாபத்வலயிலிருந்து மாத்தளை டவுனுக்குத் தினமும் சைக்கிளில் போய்ப் பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். மூட்டுவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகு கியர் லீவரைத் தள்ள முடியவில்லை. ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பாள்.

சைக்கிள் கடை அக்ரம், யாரோ பாவித்து விற்ற எலக்ட்ரானிக் கியர் சைக்கிள் ஒன்றைக் காட்டினான்.

"தள்ளத் தேவல்ல ராத்தா. பட்டன்ல விரல் பட்டாப் போதும்."

பட்டது. பின்சக்கரத்தருகே சின்ன மோட்டார் ஒன்று முனகியது. சங்கிலி இடம் மாறியது. அன்றே வாங்கிவிட்டாள். பிறகு எந்த ஏற்றத்திலும் அவள் இறங்கவில்லை.

இரண்டாம் வாரம்தான் அதைக் கவனித்தாள். ஏற்றத்தில் நீலக் கேட் போட்ட வீட்டைத் தாண்டும்போது கியர் தானாகவே இளகியது. மறுநாள் விரல்களைப் பட்டனிலிருந்து விலக்கியே வைத்திருந்தாள். அப்போதும் இளகியது.

மூன்றாம் நாள் கேட்டருகே பிரேக் பிடித்து நின்றாள். மோட்டார் முனகியது. மறுபடியும். மறுபடியும். நிமிர்ந்தால், ஜன்னலில் ஒரு பெண்.

"ஏங்க நிக்கிறீங்க? அவரு இங்க நிக்கவே மாட்டாரு."

சிவநந்தினி என்று பெயர் சொன்னாள். உள்ளங்கையில் ஒரு கறுப்புப் பட்டன்.

"என் வீட்டுக்காரருக்கும் வெரல் மடங்காதுங்க. அதான் இது ஒன்னு எங்கிட்ட. ஏத்தத்துல அவரு வந்தா நான் இங்கருந்தே அழுத்துவேன், கியர் மாறிடும். தைப்பொங்கலுக்கு மறுநாள் அவரு போயிட்டாரு. கொழுந்தன் சைக்கிள வித்துட்டாங்க. ஆனா காலையில சத்தம் மட்டும் வருது. கேட்டா, பழக்கத்துல அழுத்திடுறேன்."

ஜுனைதாவுக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா! ஒரு நாளைக்கு என்று கேட்டுப் பட்டனை வாங்கி, அக்ரமிடம் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்தான். உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.

"இது செத்து மாசக்கணக்கா இருக்கும் ராத்தா. இதால கியர் மாறாது."

மறுநாள் காலை நல்ல குளிர். விரல்கள் வீங்கி மரத்திருந்தன. கறுப்புப் பட்டன் அவள் பையில் கிடந்தது. ஏற்றத்தில் எவ்வளவு முயன்றும் விரல் நகரவில்லை. நீலக் கேட்டருகே மோட்டார் முனகியது. மிதி இளகியது. நிற்காமல் மிதித்து மேலேறினாள்.

மாலையில் பட்டனைத் திருப்பிக் கொடுத்தாள். பேட்டரி பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னமும் அழுத்தவாங்க?" என்றாள் சிவநந்தினி.

"அழுத்துங்க," என்றாள் ஜுனைதா. "எனக்கு ஒதவியா இருக்கு."