எந்தக் கால்

விமானத்தின் கதவைத் தாண்டி முதல் அடி வைத்ததுமே என் பாஸ்போர்ட் கைமாறிவிட்டது. நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர், ஐம்பதை நெருங்கியவர், சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். கையை நீட்டினார், பாஸ்போர்ட்டையும் அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸையும் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் இரண்டையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "தமிழாம்மா?" என்றார். முன்பின் தெரியாத இடத்தில் வாயைத் திறந்ததுமே நம் மொழியில் பேசுகிற ஆளை நான் நம்புவதில்லை. கடையில் என்னிடம் சிக்கியவர்களில் பாதிப் பேர் "அக்கா, என்னைத் தெரியலையா?" என்று ஆரம்பித்தவர்கள்தான்.

கடை என்றால் துணிக்கடை, நாலு மாடி. வெளியே போகிறவர்களின் பில்லையும் பையையும் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. இருபத்திரண்டு வருடம் அந்த வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாகக் கூட வேலை செய்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கா தெரியாது?

அப்படிப்பட்ட என்னைத்தான் என் மகன் பொய்க்காரியாக்கி அனுப்பியிருந்தான். என் காலுக்கு ஒரு கேடும் இல்லை. "நடுவுல ஒரு ஏர்போர்ட்ல மாறணும்மா. அதுவே ஒரு ஊரு மாதிரி. உனக்கு நம்பரைத் தவிர எதையும் படிக்கத் தெரியாது, தொலைஞ்சு போயிடுவ. நடக்க முடியாதவங்கன்னு போட்டுட்டேன். ஆளு வந்து தள்ளிட்டுப் போய் விட்டுடுவாங்க. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. யாராவது கேட்டா கால் வலின்னு சொல்லு" என்றான். வேறு சமயமாக இருந்தால் போடா என்றிருப்பேன். போய் இறங்குகிற ஊரில் மகள் காத்திருந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் என்ன கட்டி என்று தெரியுமாம். "நீ வந்து நின்னாத்தான் உள்ள போவேன், இல்லன்னா எந்திரிச்சு வீட்டுக்கு வந்துடுவேன்" என்று போனில் அழுதாள். முப்பத்தாறு வயதுக்காரி. இந்த விமானத்தை விட்டால் அடுத்தது நாளை மத்தியானம்தான்.

தள்ள ஆரம்பித்ததும் பின்னால் காலடிச் சத்தம் சரியில்லை. ஒரு அடி அழுத்தமாக விழுந்தது, அடுத்த அடி இழுத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். வலது காலை நொண்டினார். ஓகோ, இதுதானா வித்தை என்று நினைத்தேன். பரிதாபம் காட்டினால் கிழவி கையில் ஏதாவது வைப்பாள் என்ற கணக்கு. நான் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அது என்ன இடம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கட்டடம் முடிகிறது என்று நினைக்கும்போது இன்னொரு கட்டடம் தொடங்கியது. தரை தானாக நகர்ந்தது. ஓட்டுகிற ஆளே இல்லாத ஒரு ரயில் வந்து நின்று எங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த டெர்மினலில் இறக்கியது. அதில் ஒருத்தர்கூடப் பயப்படாததைப் பார்த்து எனக்கு இன்னும் பயமாயிற்று. எங்கே பார்த்தாலும் கண்ணாடி, வெளியே கொளுத்துகிற மத்தியான வெயில், உள்ளே விறைக்கிற குளிர். அத்தனை கடைகள் இருந்தும் ஒன்றுக்கும் வாசலோ கதவோ கிடையாது, பையைப் பார்க்க ஆளும் கிடையாது. இது எப்படி சாத்தியம்? எங்கேயோ ஒளிந்திருந்து பார்க்கிறார்கள் என்று கூரை முழுக்கத் தேடினேன். ஷூவைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் வரிசையாக நின்று புகை பிடிக்கிறவர்கள், யாரையும் பார்க்காமல் அழுதுகொண்டே நடந்த ஒரு பெண். நாற்காலியின் உயரத்தில் எனக்கு எதிரே வந்ததெல்லாம் இடுப்பும் கையும் பையும்தான். அந்த உயரம் எனக்குப் பழக்கமானது.

வழியை மனதில் போட்டுக்கொண்டே வந்தேன். ரயில், இடது பக்கம் லிஃப்ட், பிளாஸ்டிக் மரம், கைக்கடிகாரக் கடை, வாசனைத் திரவியக் கடை. லிஃப்டுக்குப் பக்கத்தில் அவர் நாற்காலியை நிறுத்திவிட்டு இன்னொரு நீலச் சட்டைக்காரரிடம் போய்த் தணிந்த குரலில் பேசினார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு லிஃப்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார்கள். போச்சுடா, என்னை வைத்து ஏதோ பேரம் நடக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியில் என்னைப் போல நாற்காலிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக இருந்த ஒரு மூலையில் கொண்டுபோய் விட்டார். "இங்கயே இருங்கம்மா. ஒரு மணி நேரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்."

"தம்பி, என் பாஸ்போர்ட்டு..."

"அது என்கிட்டயே இருக்கட்டும்மா, கேட்ல கேப்பாங்க. எந்திரிச்சு எங்கயும் போயிடாதீங்க."

நொண்டி நொண்டிப் போனார். கடிகாரக் கடை தாண்டியதும் ஆளைக் காணவில்லை.

பக்கத்து நாற்காலியில் பச்சை ஸ்வெட்டர் போட்ட அம்மாள். என் விமானத்திலேயே வந்தவர், வேறெங்கோ போகிறவர். கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தார், பிறகு மளமளவென்று எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, உட்காரும்போது மறுபடி "அம்மாடி" என்று முனகினார். கள்ளி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"நீங்களும் நடப்பீங்கதானே?" என்றார் மெதுவாக.

"எனக்கு நெசமாவே கால் வலி."

"எந்தக் கால்?"

இடது முட்டியைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். "ஏறும்போது வலதைப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் தணிந்த பிறகு, வேண்டாத ஒன்று நினைவுக்கு வந்தது. கடையில் ஒருநாள் ஒரு பெண் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பில் சரி, பை சரி, நடைதான் சரியில்லை. துணியைக் காலில் சுற்றி மறைத்துக்கொண்டு போகிறவர்களை நான் அதற்கு முன்பே பிடித்திருக்கிறேன். "எந்தக் கால்?" என்று கேட்டேன். போட்டுப் பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போய் அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தாள். சுற்றியிருந்தது கட்டுத்துணி, உள்ளே ஆறாத புண். திரும்பச் சுற்றிக்கொள்ள அவளுக்கு நேரம் பிடித்தது, ஒரு கை உதவியிருக்கலாம். வாசலில் கூட்டம் நின்றது, பில்லில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு நான் வந்துவிட்டேன். என் வேலை அது. அப்படித்தான் இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னொரு அரை மணியும் போயிற்று. என் போனில் அங்கே சிக்னல் வரவில்லை. திரையில் என் விமானத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ பச்சையாக மின்ன ஆரம்பித்தது. ஸ்வெட்டர் அம்மாள் எட்டிப் பார்த்து, "உங்களுது ஏத்த ஆரம்பிச்சுட்டாங்களே! உங்க ஆளு எங்க?" என்றார். அந்த மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் ஏதோ சொல்லி, கடைசியில் "வெயிட்" என்றாள். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆள் கம்பி நீட்டிவிட்டான். என் பாஸ்போர்ட் இந்நேரம் வேறு யார் கையிலோ இருக்கும். நாளைக் காலை எட்டு மணிக்கு என் மகள் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

எழுந்தேன். எழுந்தால் பிடித்துக்கொள்வார்கள், பொய் சொன்னவள் என்று திருப்பி அனுப்புவார்கள் என்றெல்லாம் பயந்திருந்தேன். ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசனைக் கடை, கடிகாரக் கடை, பிளாஸ்டிக் மரம். ஏறக்குறைய ஓடினேன். லிஃப்டுக்குப் பின்னால் ஒரு இடுக்கில் காலி நாற்காலிகளை மடக்கி அடுக்கியிருந்தார்கள். மடக்காமல் இருந்த ஒன்றில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது காலில் ஷூ இல்லை, ஒரு அட்டைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்திருந்தார். சட்டைப்பையில் என் பாஸ்போர்ட்டின் ஓரம் தெரிந்தது.

எழுப்பத் தோன்றவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலைப் பைக்குள் விட்டேன். கண் விழித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், பைக்குள் இருந்த என் விரலைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க நடக்குறீங்களா?"

"நீங்க தூங்குறீங்களா?"

கடிகாரத்தைப் பார்த்தவர் "ஐயோ!" என்று எழுந்தார், எழுந்த வேகத்தில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் குதிகாலைப் பார்த்தேன். காலுறை காய்ந்து ஒட்டிக் கறுத்திருந்தது.

"ஷூ கடிச்சதும்மா. சர்க்கரை இருக்கு, மூணு வாரமா ஆறல. வெளிய சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. எழுப்பி விடுன்னு லிஃப்டுகிட்ட நின்னவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்து உக்காந்தேன். அவனையும் எங்கயோ அனுப்பிட்டாங்க போல." கீழே கிடந்த ஷூவை எடுத்தார். "கேட் ரொம்பத் தூரம்மா. இந்தக் காலோட உங்களைத் தள்ளிக்கிட்டுப் போனா..."

"இடமாவது தெரியுமா?"

"பன்னெண்டு வருஷமா தள்ளுறேன்."

இப்போதுகூட எனக்குள் ஒன்று, காலுறையில் இருப்பது உண்மையிலேயே ரத்தம்தானா என்று கேட்டது. வெட்கக்கேடு. குளிருக்குப் போர்த்தியிருந்த என் சால்வையை எடுத்து அவர் நீலச் சட்டை தெரியாமல் போர்த்தினேன். "உக்காருங்க. வழி மட்டும் சொல்லுங்க."

"யாராச்சும் பார்த்தா?"

"நடக்க முடியாத ஆளைத் தள்ளிக்கிட்டுப் போறேன். பார்த்தா என்ன?"

தள்ளினேன். ஆள் நல்ல கனம். மடியில் ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு, "இடதும்மா, நேரா, அந்தத் தூணுக்கு அப்புறம் வலது" என்று தலையைக் குனிந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. கேட் தெரியும் கடைசி திருப்பத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு ஷூவுக்குள் காலைத் திணித்தார், சால்வையை மடித்துக் கைப்பிடியில் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

கேட்டில் கூட்டமே இல்லை, மூடப் போகிறார்கள். பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் வாங்கிய பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் குனிந்தார். "விமானம் வரைக்கும் நீளமா சரிவும்மா. நாற்காலியிலயே வருவீங்களா, நடப்பீங்களான்னு கேக்குறாங்க. நாற்காலின்னு சொல்லிடுறேன், சீட்டுல அப்படித்தான் இருக்கு." நெற்றி முழுக்க வேர்வை. கைப்பிடி மேல் அவர் சாய்ந்திருந்ததில் முன்சக்கரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

நடப்பேன் என்றால், பிறகு நாற்காலி எதற்கு என்று கேட்பார்கள். ஓரமாக நிறுத்தி விசாரித்தால் கதவு மூடிவிடும். அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்தால் நிறுத்தியிருப்பேன்.

"நடப்பேன்னு சொல்லுங்க."

"அம்மா..."

"சொல்லுங்க தம்பி."

எழுந்து நின்றேன். நொண்டிக் காட்டலாம் என்றால் எந்தக் கால் என்பது மறந்துவிட்டது. அவள் என் காலைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மறுபடியும் காலைப் பார்த்தாள். அது என் பார்வை. அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எனக்குத் தெரியும், அதைவிட அதிகமாகவே நீடித்தது. பிறகு சீட்டைக் கிழித்து, பாதியையும் பாஸ்போர்ட்டையும் என்னிடம் கொடுத்தாள்.

சரிவில் இறங்கிக்கொண்டே பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். நான்தான். வளைவில் திரும்பும்போதுதான் சால்வையின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே, வாயிலிலேயே நின்றிருந்தார். சால்வை கைப்பிடியில் தொங்கியது. நான் கையை உயர்த்தினேன். அவரால் கைப்பிடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை போல, தலையை மட்டும் ஆட்டினார். கீழே கதவருகில் யாரோ என்னைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காலி நாற்காலியைப் பிடித்தபடி அவர் அப்படியே நின்றிருந்தார், வலது குதிகால் தரையில் படவில்லை.